ஐந்நூறு பேர் வரை இலவசம்

ப்ளகின் சொல்லிவிட்டது:
ஐந்நூறு பேர் வரை இலவசம்.
என் பட்டியலில் ஐந்நூற்றுப் பதினொன்று.
மாதம் தொள்ளாயிரம் கட்டு,
இல்லையென்றால் பதினொரு பேரைக் கழி.

சந்தியாகு அண்ணனிடம் கேட்டேன்.
பூண்டுக் கட்டைத் தராசில் வைத்தபடி
"தொள்ளாயிரத்துக்கு ரெண்டு மூட்டை எரு வரும்" என்றார்.
அதுதான் பதில்.

பூம்பாறையில் மழை பிடித்து மூன்றாம் நாள்.
படிப்படியாய் இறங்கும் வயல்கள் மேகத்துக்குள் போய்விட்டன.
போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
குடோனுக்குள் நடக்கிறேன்.
சன்னலோரம் மூன்றாவது மூட்டைமேல் உட்கார்ந்தால்
இரண்டு கோடு கிடைக்கும்.
மடியில் லேப்டாப், முதுகில் உறுத்தும் சாக்குத் தையல்.
எங்கள் தலைமை அலுவலகம் இதுதான்.

முதலில் சுலபமானவர்கள்.
ஜிமெயிலில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டுப் பதிந்தவர்:
இரண்டு வருடமாய் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.
அண்ணனே மூன்று முகவரியில் இருக்கிறார்,
மூன்றுக்கும் பாஸ்வேர்டு மறந்து.
உயிரெழுத்தே இல்லாத பெயரில் ஒன்று, ரோபோவாக இருக்கும்.
மொத்தமாய் எடுப்பேன் என்று ஆசைகாட்டிய திண்டுக்கல் ஓட்டல்,
அதன் பைபாஸ் கிளை.
"பூண்டு வாசம் வீட்டில் ஆகவில்லை" என்று
காரணம் எழுதி விலகிய ஒரு நல்ல மனிதர்.
காரணம் எழுதாமல் விலகிய இன்னொருவர்.
எங்கள் விலையை வேவு பார்க்க
மருமகன் பெயரில் நுழைந்திருக்கும் கவுஞ்சி வியாபாரி.
பத்து.

பிறகு கை நிற்கிறது.

நெய்வேலி குலோத்துங்கனை எப்படிக் கழிப்பது?
பெயர் வரவேண்டிய இடத்தில் பெயர் வராமல்
"அன்புள்ள பெயர்" என்றே எல்லோருக்கும் போன வாரம்
அவர் ஒருவர்தான் பதில் போட்டார்:
"பெயர் நலம். பூண்டு நலமா?"

தேவகோட்டை உமையாள் ஒரே ஒரு முறை வாங்கினார்.
இரண்டு கிலோ ப்ளம்ஸ்,
ஆஸ்பத்திரி விலாசத்துக்கு, வார்டு எண்ணோடு.
அதற்குப் பின் எதையும் திறக்கவில்லை.
பதினாலு மாதம்.
"செயலற்றவர்" என்று சாம்பல் நிறத்தில் போட்டிருக்கிறது.
விரலை வைத்தேன், எடுத்தேன்.
பழம் இனித்ததா என்றுகூட
அன்றைக்கு நான் விசாரிக்கவில்லை.

கீழக்கரை ஜைனம்பு
முப்பத்தெட்டு மடலையும் திறந்திருக்கிறார்.
ஒரு பல் பூண்டுகூட வாங்கியதில்லை.
எப்போதும் விடிகாலை மூன்றே காலுக்கு.
தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்தவரா,
தூக்கம் கெட்டவரா,
கடலுக்கு அப்பால் யாருக்கோ காத்திருப்பவரா,
ப்ளகினுக்கு அது தெரியாது.
அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்ணிக்கை:
பேரிக்காய் பூத்த படத்தை
அவர் ஒன்பது தடவை திறந்தார்.
அந்த ஒன்பதை
எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

மேலும் கீழும் உருட்டிப் பார்க்கிறேன்.
நடுவில் இருந்தது:
லீமா, பூம்பாறை.
வியாழன்தோறும் எனக்கு நானே அனுப்பி
தமிழ் கட்டங்கட்டமாய் உடையாமல் போகிறதா என்று
பார்த்துக்கொள்ள வைத்த முகவரி.

நீக்கவா என்றது.
நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்டது.
வீட்டில்கூட யாரும் என்னை
இரண்டு முறை கேட்டதில்லை.

ஐந்நூறு.

இந்த வார மடலில் மூன்றே வரி:
மழை விடவில்லை.
பூண்டு புகையில்தான் காய்கிறது.
பத்து நாள் பொறுங்கள்.

அனுப்பு.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
இரண்டு கோடும் அணைந்தன.
வெளியே அண்ணன் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்,
காற்று அவிழ்க்கிறது.

போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல
இனி எனக்கு மடல் வராது.
மூன்றே காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.
இந்த மூட்டைமேல் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்,
கீழக்கரையில் ஒருவர்
திறக்கிறாரா என்று.